பத்து மணிச் சலவை

சலவைக்காரம்மா மகனோடு சண்டை போட்டுக்கொண்டு போனாள் என்று சொல்கிறவர்களுக்கு நாக்கில் நரம்பே கிடையாது. சண்டை நடக்கவே இல்லை. நடந்திருந்தால் அந்தத் தெருவுக்குக் கேட்காமல் போயிருக்குமா? முதல் வீட்டில் தும்மினால் நாலாவது வீட்டிலிருந்து மாத்திரை வரும், அப்படிப்பட்ட தெரு.

கடைக்காரர் மனைவிக்கு ரேடியோ என்று பெயர். யார் வைத்தார்களோ, பொருத்தமாக வைத்தார்கள். சலவைக்காரம்மா வீட்டை விட்டுப் போன அன்று மத்தியானமே ரேடியோ பாட ஆரம்பித்துவிட்டது.

"பெத்த பிள்ளை பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டுப் போயிட்டா. ராசா மாதிரி பிள்ளை. நாளைக்கு யாரு அவனுக்குப் பொண்ணு குடுப்பா?"

"அவ அக்காவையும் இல்ல இழுத்துக்கிட்டுப் போயிருக்கா. அந்தம்மாவ எத்தனை நாள் உள்ள போட்டுப் பூட்டி வச்சிருந்தாளோ" என்று சாமான் வாங்க வந்தவள் எடுத்துக் கொடுத்தாள்.

பூட்டி வைத்தாளாம். அந்த அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கிறது. போய்ப் பார்க்கட்டும். ஆறு ஆறு பேராக உலகமே வந்து பார்த்துவிட்டுப் போன வீடுதானே, இவர்களும் ஒரு நடை போய்ப் பார்த்தால் கால் தேய்ந்தா போகும்? உள்பக்கத் தாழ்ப்பாளை உள்ளே இருக்கிறவர்தான் போட முடியும், அவர்தான் திறக்கவும் முடியும். அவர் எதற்காகப் போட்டார், யாருக்காகத் திறந்தார் என்று கேட்டுவிட்டு அப்புறம் பேசட்டும்.

சலவைக்காரம்மா அந்த வீட்டுக்கு வந்தபோது முற்றத்தில் ஒரு கல்லும் ஒரு தொட்டியும்தான் இருந்தன. புருஷன் சுமை வண்டி ஓட்டினான். மகனுக்கு ஐந்து வயதாகும்போது போய்ச் சேர்ந்தான். அன்றிலிருந்து பிள்ளைப்பேற்று ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்பு, வாத்தியார் வீட்டுச் சட்டை, டாக்டர் வீட்டுத் திரைச்சீலை எல்லாம் அவள் கையில்தான் வெளுத்தன. இருபது வருடத்தில் மணிக்கட்டு இரண்டும் வீங்கிப் போயின. கடைசியில் சிறுகச் சிறுகச் சேர்த்து ஒரு சலவை மிஷின் வாங்கினாள். அது முதல் தடவை ஓடியபோது முக்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்து, சினிமா பார்க்கிற மாதிரி கடைசி சுற்று வரை பார்த்தாள். நின்றதும் அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு எழுந்தாள்.

தொழிலில் அவளுக்கென்று ஒரு பிடிவாதம் உண்டு. வெளிக்கொடியில் விரிப்புகளை மறைப்பாகப் போட்டு, ஊரார் உள்ளாடையை உள்கொடியில்தான் காயப்போடுவாள். யார் துணியில் என்ன கறை இருந்தது என்று உயிரே போனாலும் சொல்ல மாட்டாள். ரேடியோ வருடக்கணக்கில் முயன்று பார்த்தாள்.

"டாக்டர் வீட்டுத் துணியில என்னவோ கறையாமே. என்னடி அது?"

"அழுக்கு."

"என்ன அழுக்குன்னு கேக்கறேன்."

"போயிருச்சுக்கா."

அதற்கு மேல் அவளிடமிருந்து ஒரு சொல் பெயராது.

அவளுடைய அக்கா ஆறு வயது மூத்தவர். சின்ன வயதில் ஒரு காய்ச்சல் வந்து, காய்ச்சல் இறங்கியபோது பேச்சையும் கொண்டு போய்விட்டது. நாளுக்கு ஒரு சொல், இரண்டு சொல் வரும். பழகாத குரல் கேட்டால் முகத்தைச் சுவரோடு ஒட்டி வைத்துக்கொள்வார், சமயத்தில் உட்கார்ந்த இடமே நனைந்துவிடும். ஆனால் மடிப்பு என்றால் அக்காதான். சட்டையின் இரண்டு தோளும் நூல் பிசகாமல் சேரும். ஆஸ்பத்திரித் தலைமை நர்ஸ் விரிப்பைக் கையில் வாங்கியதும் "இது உங்க அக்கா மடிச்சது, இது நீங்க மடிச்சது" என்று பிரித்துச் சொல்லுவார். முற்றத்தின் கடைசியில் தன் அறை வாசலில் வெயில் விழும் இடத்தில் உட்கார்ந்து மடித்துக்கொண்டே இருப்பார். தங்கை மகனைத் தூக்கி வளர்த்ததும் அவர்தான். அவன் எது கேட்டாலும் தலையாட்டுவார். அவன் பல்பத்தைத் தின்னட்டுமா என்று கேட்டதற்கும் தலையாட்டினவர்.

அந்த மகன் படித்தான். பெரிய ஹோட்டலில் வழிகாட்டியாகச் சேர்ந்தான். நாற்பது பேர் உட்காரும் பேருந்தில் வெளிநாட்டு ஆட்களை ஏற்றி ஊரைச் சுற்றிக் காட்டுகிற வேலை. ஒரு வருடம் போனான். தினமும் முகம் சிவந்துதான் வீடு திரும்புவான்.

"குழாயடியில ஒருத்தன் குளிச்சிட்டிருக்கான்மா. அவனச் சுத்தி நின்னு போட்டோ எடுக்கறாங்க. பஸ் ஜன்னல்லேர்ந்து பசங்களுக்கு பிஸ்கட் வீசறாங்க, குளத்து மீனுக்குப் போடற மாதிரி. பாட்டிலெல்லாம் சாக்கடையில. இதுல எனக்கு ஒரு தொப்பி வேற."

ஒரு நாள் தொப்பியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டான். நல்ல பிள்ளை. அதை யாரும் மறுக்க முடியாது, பெற்றவளே மறுக்கவில்லை. "இதையே ஒழுங்கா, பொறுப்பா செய்ய முடியும்மா, செஞ்சு காட்டறேன்" என்றான். ஒரு தாளில் விதிகளை எழுதி வாசல் நிலைக்குப் பக்கத்தில் ஒட்டினான். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் வாசித்தும் காட்டினான். ஆறு பேருக்கு மேல் கூட்டி வரக் கூடாது. நடந்துதான் வர வேண்டும். தண்ணீரைச் சொந்த பாட்டிலில் கொண்டு வர வேண்டும். கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. வருகிற வரும்படி தெருவுக்குள்ளேயே நிற்க வேண்டும். நடிப்பு எதுவும் இருக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த வீட்டு வாசலிலும் நின்று, அந்த வீட்டுக்காரர் பாஷையிலேயே அனுமதி கேட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும்.

"வீட்டுக்குள்ள எதுக்குடா வரணும்?" என்று மட்டும் கேட்டாள்.

"நெசமான வாழ்க்கையப் பாக்கணும்னு வர்றாங்கம்மா."

"நம்ம வாழ்க்கையில பாக்கறதுக்கு என்ன இருக்கு?"

"அதத்தான் பாக்கணுங்கறாங்க."

அவன் சொன்னபடிதான் செய்தான். ஆறு பேர் என்றால் ஆறு பேர்தான். தெருச் சாக்கடையை அந்த வரும்படியில் தூர் வாரினார்கள், முனை விளக்கு எரிந்தது, ரேடியோவின் கடைக்குக் குளிர்பெட்டி வந்தது. இன்றைக்கு ரேடியோவுக்கு எரிகிற எரிச்சல் அந்தப் பெட்டியிலிருந்துதான் கிளம்புகிறது.

முதல் வாரம் வந்தவர்கள் முற்றத்தில் மிஷினைப் பார்த்தார்கள். முகம் சுருங்கிவிட்டது. இதே மிஷின் அவரவர் வீட்டிலும் இருக்கிறதாம், இதைப் பார்க்கவா இத்தனை தூரம் வந்தோம் என்று நினைத்திருப்பார்கள். அன்றைக்கு மகன் தயங்கித் தயங்கி வந்து நின்றான்.

"மிஷின் மேல ஒரு துணியப் போட்டு மூடிடும்மா. அவங்க வர்ற நேரத்துக்கு மட்டும் கல்லுல ரெண்டு துணி துவை."

"நடிக்கக் கூடாதுன்னு எழுதி ஒட்டியிருக்கியே?"

"இது நடிப்பு இல்லம்மா. இருபது வருஷம் கையாலதானே துவைச்ச? அது நெசந்தானே?"

வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவன்.

அவள் ஒத்துக்கொண்டாள். ஆனால் ஊரார் துணியை வேற்று மனிதர் கண்ணில் காட்ட முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அதனால் பத்து மணிக்குக் கல்லில் விழுந்தது அவள் வீட்டுப் படுக்கை விரிப்பு. பச்சைக் கரை போட்டது. காலை ஆறு மணிக்கு ஊர்த் துணியை மிஷினில் போட்டு எடுத்து உலர்த்தி, மிஷினை மூடிவிட்டு, பத்து மணிக்குக் கல்லடியில் உட்கார்ந்து, நேற்றுத் துவைத்துக் காய்ந்த சுத்தமான விரிப்பை மறுபடி நனைத்து அடிப்பாள். ஞாயிறு தவிர தினமும். படுக்கையில் அதை விரிக்கவே நேரமில்லை. நாலு மாதத்தில் அது நைந்து, பிடித்துப் பார்த்தால் மறுபக்கம் விரல் தெரிந்தது.

வந்தவர்களில் ஒருவர் மகனிடம் என்னவோ கேட்டார். அவன் சிரித்துக்கொண்டே எடுத்துச் சொன்னான்: "நுரையே வரல, இவ்வளவு கொஞ்சமா சோப்பு போடறாங்களே, ஆத்துத் தண்ணி கெடக் கூடாதுங்கற அக்கறையான்னு கேக்கறார்மா."

"அழுக்கு இருந்தாதானேடா சோப்புப் போட?" என்றாள். அதை அவன் எப்படித் திருப்பிச் சொன்னானோ, ஆறு பேரும் நெகிழ்ந்து போய்த் தலையசைத்தார்கள். குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் வந்த கோடையில், சுத்தமான துணிக்குத் தினம் இரண்டு வாளி கொட்டினாள். அதைக் கேட்க அந்தத் தாளில் விதி இல்லை.

மணிக்கட்டு மறுபடி வீங்கியது. அதைக்கூட அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அக்காதான் அவளுக்கு உறுத்தல். வெயில் அறை வாசலுக்கு வருவதும் பத்து மணிக்குத்தான், ஆறு பேர் வருவதும் பத்து மணிக்குத்தான். செருப்புச் சத்தம் தெரு முனையில் கேட்கும்போதே அக்கா மடித்ததைப் பாதியில் விட்டுவிட்டு உள்ளே ஓடிவிடுவார். ஒரு நாள் ஒருவர் கழிப்பறை என்று நினைத்து அந்தக் கதவைத் தள்ளிவிட்டார். அன்று சாயங்காலம் அக்கா தங்கையின் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் கதவின் உள்பக்கத்தைக் காட்டி, நாளின் ஒரே சொல்லைச் சொன்னார்: "தாழ்ப்பாள்." மறுநாளே தச்சரை அழைத்து வந்து அடித்துக் கொடுத்தாள். தாழ்ப்பாள் வந்த கதை இதுதான். ரேடியோ குறித்துக்கொள்ளட்டும்.

வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் இல்லையா என்று கேட்கிறார்கள். இருந்தது. சொல்லியும் பார்த்தாள். அக்காவுக்கு உடம்பு கொதித்த ஒரு நாள், "இன்னிக்கு அவங்கள வர வேண்டாம்னு சொல்லுடா" என்றாள்.

"நீயே சொல்லும்மா. அதுக்காகத்தானே தினமும் வாசல்ல நின்னு கேக்க வைக்கறேன்? நீ வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னா அப்படியே திரும்பிடுவோம்."

"வாசல்ல வந்து நிக்கறவங்க மூஞ்சியப் பாத்து எந்த வாய்டா வேணாம்னு சொல்லும்?"

"அப்ப உனக்கு மறுப்பில்லன்னுதானே அர்த்தம்?"

பிழிந்துகொண்டே சொல்லிப் பழகினாள்: இன்னிக்கு வேண்டாங்க, இன்னிக்கு வேண்டாங்க. பத்து மணிக்கு வயதான ஒருவர் முன்னால் நின்றார். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். கழுத்தெல்லாம் வியர்வை. வழியெல்லாம் சொல்லிப் பழகிக்கொண்டு வந்திருப்பார் போல, பள்ளிப் பிள்ளை ஒப்பிக்கிற மாதிரி "உல்லே வரலாமா?" என்றார். அவள் வாய் "வாங்க" என்றது. சொன்ன பிறகுதான் அவளுக்கே கேட்டது. வாசலில் நிற்கிறவரை வாங்க என்று சொல்லி வளர்ந்த வாய். அதற்கு வேறு சொல் வரவில்லை. மகனுடைய நேர்மை முழுவதும் அந்த ஒரு சொல்லின் மேல்தான் ஏறி நின்றது.

சுற்றுலாப் பருவம் சூடு பிடித்து, காலையில் ஒரு குழு, மத்தியானம் ஒரு குழு என்று ஆனது. மடிப்பு தாமதமாகிறது என்று வாத்தியார் வீட்டில் துணியை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அக்கா வெயிலைப் பார்த்தே பல நாள் ஆயிற்று.

அந்த நாளும் வந்தது. கைகள் இரண்டும் தொட்டித் தண்ணீரில் இருந்தன. வந்தவர்களில் ஒரு அம்மாள் மூடிய கதவைக் காட்டி மகனிடம் மெல்லப் பேசினார். உள்ளே பெரியம்மா இருக்கிறார், துணி மடிப்பதில் அவரைப் போல யாருமில்லை என்று அவன் பெருமையாகவே சொல்லியிருப்பான். அந்த அம்மாள் கையைக் கூப்பிக்கொண்டு ஆவலாக நின்றார். மகன் போய்க் கதவைத் தட்டினான்.

"பெரியம்மா, நான்தான். கதவத் திறங்க."

தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் கேட்டது. வேறு எந்தக் குரலுக்கும் விலகாத தாழ்ப்பாள் அது.

"இவங்க உங்க கைவேலையப் பாக்கணும்னு ஆசைப்படறாங்க. உள்ள வரலாமா பெரியம்மா?"

அக்கா தலையாட்டினார். பல்பத்துக்கு ஆட்டின அதே தலை.

சலவைக்காரம்மா ஈரக் கையோடு எழுந்து ஓடுவதற்குள் ஆறு பேரும் அறைக்குள் இருந்தார்கள். ஒருவரும் படம் எடுக்கவில்லை. அதைச் சொல்ல வேண்டும். அந்த அம்மாள் தரையில் மண்டியிட்டு அக்காவின் இரண்டு கையையும் எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதார். அக்காவின் முகம் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தரையில் ஈரம் பரவியது. சலவை வீடு, தண்ணீர் சிந்தியிருக்கும் என்று நினைத்தார்களோ என்னவோ, நாசூக்காகக் காலை நகர்த்தி வைத்துக்கொண்டார்கள்.

அவர்கள் போன பிறகு தரையைத் துடைத்துவிட்டு மகனிடம் வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"என்னடா பண்ணின?"

"நான் கேட்டேம்மா. கேக்காம ஒரு அடி எடுத்து வைக்கல. நீயும் பாத்த. தலையாட்டினாங்க."

"உனக்கு என்னிக்குடா அவ தலையாட்டாம இருந்தா?"

அவன் அந்தக் கதவைத் திரும்பிப் பார்த்தான். அப்புறம் மெதுவாக, "அவங்களுக்குப் பயம்னு தெரியும். இத்தனை பேர நான் பாத்துட்டேன், இவங்க ரொம்ப நல்லவங்க, நல்லவங்களப் பாத்தா பயம் தெளியும்னு நெனச்சேன்" என்றான். நெஞ்சாரத்தான் சொன்னான்.

மூன்றாம் நாள் கைபேசியைக் கொண்டு வந்து வாசித்துக் காட்டினான். இந்தப் பயணத்தில் நான் கண்ட ஒரே உண்மை அந்த அறையில் இருந்தது என்று அந்த அம்மாள் எழுதியிருந்தார்.

"மடிக்கிற அம்மாவப் பாக்க முடியுமான்னு அடுத்த வாரத்துக்கு ரெண்டு குழு கேட்டிருக்கு. பெரியம்மாவுக்குச் சம்மதம்னாதான் சரிம்பேன். ஒவ்வொரு தடவையும் கேட்டுட்டுத்தான்."

இன்றைக்குத் திறக்காத கதவு நாளைக்கு அவன் குரலுக்குத் திறக்கும். ஒவ்வொரு தடவையும் கேட்பான். ஒவ்வொரு தடவையும் அவர் தலையாட்டுவார். கையைத் துடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். அங்கே சலவை அறைக்கு ஆள் வேண்டும் என்று தலைமை நர்ஸ் பல நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பின்னால ஒரு ரூம் இருக்கு. ரெண்டு பேர் படுக்கலாம். ஜன்னல்தான் சின்னது" என்றார் நர்ஸ்.

"தெருவப் பாத்த ஜன்னலாம்மா?"

"கொல்லைச் செவத்தப் பாத்தது. வெயில் மட்டும் விழும்."

"அது போதும்."

அக்காவை வெளியே வர வைப்பதுதான் பாடாக இருந்தது. அந்த நாளுக்குப் பிறகு மகன் குரலுக்கும் கதவு திறக்கவில்லை. தட்டை வாசலில் வைத்துவிட்டு நகர்ந்தால்தான் கை வெளியே வரும். போக வேண்டிய நாள் விடிந்ததும் சலவைக்காரம்மா அந்தக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து ஒரு ஆஸ்பத்திரி விரிப்பை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"கோணிக்கிட்டே வருதுக்கா. நர்ஸம்மா திட்டுவாங்க. வந்து சரி பண்ணிக் குடு."

ரொம்ப நேரம் கழித்துத் தாழ்ப்பாள் விலகியது. அக்கா விரிப்பை வாங்கி ஓரத்தோடு ஓரம் சேர்த்தார். அந்த விரிப்பையே அவர் தலையிலிருந்து முகத்தை மறைத்துப் போர்த்தி, தெரு எழுந்திருப்பதற்கு முன்னால் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள். ஆஸ்பத்திரி அறையில், வெயில் விழும் இடமாகப் பார்த்து உட்கார வைத்து, முன்னால் துணிக் குவியலை வைத்துவிட்டு, மூட்டையை எடுக்கத் திரும்பி வந்தாள்.

மூட்டையை எடுத்துக்கொண்டு ஒன்பது மணிக்கே போயிருக்கலாம். போகவில்லை. வாசலில் வந்து நிற்கப் போகிறவர்களை வரவேற்க ஆளில்லாமல் நிற்க வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. உட்கார்ந்தும் இருக்கவில்லை. மிஷின் மேல் கிடந்த துணியை உருவினாள். பச்சைக் கரை விரிப்பைச் சுருட்டி உள்ளே திணித்தாள். பொத்தானை அழுத்தினாள். அது தடதடவென்று ஓட ஆரம்பித்ததும் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். அக்காவின் அறைக் கதவை அகலத் திறந்து வைத்தாள்.

பத்து மணிக்கு ஆறு பேர் படியில் நின்றார்கள், செருப்பைக் கழற்றிவிட்டு. பின்னால் மகன். மூட்டையைப் பார்த்து அவன் முகம் மாறியது.

"அம்மா, எங்க கெளம்பிட்ட?"

அதற்குள் முன்னால் நின்றவர் ஒப்பித்துவிட்டார்: "உல்லே வரலாமா?"

"வாங்க" என்றாள். "நல்லாப் பாருங்க. எல்லாக் கதவும் திறந்துதான் இருக்கு."

மூட்டையைத் தோளில் ஏற்றினாள். அவர்கள் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார்கள். "பெரியம்மா எங்கம்மா?" என்று மகன் கேட்டான். அவள் மூட்டையைச் சரிசெய்துகொண்டு படியில் கால் வைத்தாள்.

அவர்களில் ஒருவர் கேமராவைப் பாதி தூக்கி, விதிப்படி, எடுக்கலாமா என்று ஜாடையில் கேட்டார். அவள் படியிறங்கிக்கொண்டிருந்தாள். கேட்டவருக்கு எந்தக் கணமும் அவள் தலை சரி என்று ஆடிவிடும் என்று மகனுக்குத் தெரியும்.

"வேண்டாம்" என்றான் அவன்.

அவள் அதற்குள் தெருவில் இறங்கிவிட்டாள்.